அம்மா முகத்தில் போட்ட ஊசி

மார்ச் 3, செவ்வாய்

இன்று முதல் இந்த வீட்டில் நடப்பதை நடந்தபடியே எழுதப் போகிறேன். பிடிக்காததை எழுதாமல் விடமாட்டேன். எனக்குச் சாதகமாகத் திருத்தவும் மாட்டேன்.

முதல் உண்மை: நான் அம்மாவை உரித்து வைத்திருக்கிறேனாம். மூக்கு, முகவாய், புருவங்களுக்கு நடுவே விழும் கோடு உட்பட. எனக்கு அந்தக் கோடு படிக்கும்போது மட்டும் விழும். அம்மாவுக்கு எப்போதும் இருக்கிறது. "நெத்தியச் சுருக்காம படி" என்று இன்றும் திட்டு.

மார்ச் 5, வியாழன்

அம்மா கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பெரிய கடை அது. அங்கே முகத்துக்குப் பூசும் கிரீம் விற்பதுதான் அம்மாவின் வேலை. மேனேஜர் சொன்னாராம்: "கவுண்டர்ல ஃப்ரெஷ்ஷான முகம் வேணும்மா. நீங்க குடோனைப் பாத்துக்கலாமே."

குடோன் தரைக்குக் கீழே இருக்கிறது. அட்டைப் பெட்டிகளும் தூசியும். கமிஷனும் கிடையாது.

"எப்ப இருந்தும்மா?"

"பாக்கலாம்னு சொல்லியிருக்கார்."

பாக்கலாம் என்றால் ஆமாமா, இல்லையா? எந்த அகராதியிலும் இல்லை.

மார்ச் 7, சனி

நூலகத்துக்கு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத் தோல் டாக்டரிடம் போனோம். எழுதத் தொடங்கிய வாரத்திலேயே பொய். சொன்னது அம்மா. தலையாட்டியது நான்.

நர்ஸ் அக்கா அம்மாவின் கையிலிருந்து ரத்தம் எடுத்து, குழாயை ஓர் எந்திரத்தில் வைத்துச் சுழற்றினார். வெளியே எடுத்தபோது அடியில் சிவப்பு, மேலே வெளிர் மஞ்சள். அந்த மஞ்சளில் ரத்தத் தட்டுகள் நிறைய இருக்கின்றனவாம். அதைத்தான் அம்மாவின் முகத்தில் குட்டிக் குட்டி ஊசியாகப் போட்டார் டாக்டர். மரத்துப்போகக் களிம்பு தடவியிருந்தும் அம்மா என் விரல்களை நசுக்கிவிட்டாள்.

ரத்தத் தட்டுகள் காயத்தில் ரத்தத்தை உறையவைக்கும். பாடத்தில் அவ்வளவுதான் இருக்கிறது. "காயமே இல்லையே டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஊசி குத்துறதே சின்னக் காயம்தான். தோல் தன்னைத்தானே சரிபண்ணிக்கப் பாக்கும். மாசம் ஒண்ணா மூணு தடவை. பலன் ஆளுக்கு ஆள் மாறும், சொல்லிட்டேன்."

திரும்பி வரும்போது, "கிரீம் போதாதாம்மா?" என்றேன்.

அம்மா சுற்றும்முற்றும் பார்த்தாள். "கிரீம் விக்கிறவளே ஊசி போட்டுக்கிட்டான்னு தெரிஞ்சா என்னை வேலையில வெப்பாங்களா? மூச்சு விடாத."

மார்ச் 8, ஞாயிறு

அம்மாவின் முகம் சிவந்து, வீங்கி, புள்ளி புள்ளியாக. அப்பா ஒரு கணம் நின்று பார்த்தார். "என்ன, தேனீக் கூட்டுக்குள்ள தலைய விட்டியா?"

"தூசி அலர்ஜி."

"அப்ப வீடு கூட்டாத. நம்ம புரொபசர் கூட்டட்டும்."

புரொபசர் நான்தான். கூட்டினேன். அம்மா சொன்ன பொய்க்கு நான் உழைக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

கடையிலும் அலர்ஜி என்றே சொல்லியிருக்கிறாள். மேனேஜர் பதறிவிட்டாராம். "ஐயோ, பாக்கிறவங்க நம்ம கிரீம் போட்டுத்தான் இப்படி ஆச்சுன்னு நெனப்பாங்களே! சரியாகிற வரைக்கும் குடோன்ல இருங்க."

தூசி அலர்ஜிக்காரியைத் தூசிக்குள் அனுப்பியிருக்கிறார்.

குடோனுக்குப் போகாமல் இருக்கத்தானே ஊசி? ஊசியால்தானே குடோன்? எழுதிப் பார்த்தால் புரியும் என்று நினைத்தேன். புரியவில்லை.

மார்ச் 12, வியாழன்

"தெரியுதா?" என்றாள் அம்மா, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி.

"என்னதும்மா?"

"வித்தியாசம்டி."

"இல்லம்மா."

உண்மையைத்தான் சொன்னேன். அப்புறம் ஏன் எதையோ உடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது?

மார்ச் 20, வெள்ளி

வீக்கம் எப்போதோ வடிந்துவிட்டது. அம்மா இன்னும் குடோனில்தான். கவுண்டரில் வேறொரு அக்கா.

ஏப்ரல் 4, சனி

இரண்டாவது ஊசி. "குடோன்ல யாரு பாக்கப் போறா" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டா சொன்னாள்? களிம்பு பூசிய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

மேனேஜர் ஏதோ பெட்டியைத் தேடிக் குடோனுக்கு வந்திருக்கிறார். "என்னம்மா, முகம் பளபளன்னு இருக்கு! எந்தக் கிரீம்?"

அம்மா யோசிக்கவே இல்லையாம். "நம்ம கிரீம்தான் சார்."

நாளையிலிருந்து மறுபடி கவுண்டர்! அம்மா பாடிக்கொண்டே சமைத்தாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் — அந்தப் பளபளப்பு ஊசியாலா? குடோனில் வெயில் படாததாலா? இல்லை, மேனேஜர் அம்மாவின் முகத்தை இத்தனை நாளாகச் சரியாகப் பார்க்காததாலா?

ஏப்ரல் 25, சனி

நானும் அப்பாவும் அம்மாவின் கடைக்குப் போனோம். கவுண்டருக்குப் பக்கத்தில் அம்மாவின் படம், ஆள் உயரத்துக்கு! கீழே பெரிய எழுத்தில்: "எங்கள் ஊழியர், எங்கள் கிரீம்." கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் இழைத்திருக்கிறார்கள். புருவக் கோடு இல்லை. முகவாய் மச்சம்கூட இல்லை.

அப்பா படத்தை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு இந்தப் பொண்ணு? எங்கயோ பாத்த முகமா இருக்கே."

அம்மா அவர் தோளில் தட்டிச் சிரித்தாள். அப்பா விளையாட்டுக்குத்தானே சொன்னார்? நான் கேட்கவில்லை.

கிரீம் வாங்க ஓர் அம்மாள் வந்தார். படத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "இதப் போட்டா இப்படி ஆயிடுமா?"

"ஆகும்மா" என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பவில்லை.

கிளம்பும்போது மேனேஜர், "படத்துல இருக்கிற மாதிரியே மெயின்டெய்ன் பண்ணணும்மா" என்றார்.

நான் அம்மாவை உரித்து வைத்திருக்கிறேன் என்கிறார்கள். எந்த அம்மாவை?

ஏப்ரல் 26, ஞாயிறு

மூன்றாவது ஊசி அடுத்த சனிக்கிழமை. அதற்கப்புறமும் போடுவார்களா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும் என்கிறாள்.

படுக்கும் நேரத்தில் என் அறைக்கு வந்தாள். அந்தப் படத்தின் சின்னப் பிரதி கையில் இருந்தது. அதைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியுதா?"

"என்னதும்மா?"

"வித்தியாசம்."

முன்பு இதே கேள்விக்கு அம்மாவுக்கு ‘ஆமாம்’ வேண்டியிருந்தது. இப்போது ‘இல்லை’ வேண்டும். நெற்றி சுருங்குவது எனக்கே தெரிந்தது. அம்மா என் புருவங்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அறை விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கூடத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். சொல்ல இருந்த பதிலை இங்கேயாவது உண்மையாக எழுத வேண்டும். நான் சொல்ல இருந்தது —

கூடத்து விளக்கையும் அணைத்துவிட்டார்கள்.