துண்டு போட்டுப் பிடித்த சீட்

ஜூலை 24, வியாழன்

வெயில் சுள்ளென்று. மூன்று மணிக்கு ஒரு தூறல், மண் நனையக்கூடக் காணாது. மெல்போர்னில் இப்போது குளிர். இங்கே ஃபேன் காற்றே சூடு.

கோயில் விழாக்குழு ஏழுமலை அண்ணன் வந்தார். ஞாயிறு அம்மனுக்குக் கூழ். சாயங்காலம் ஆறு மணிக்கு நான் மேடையில் அரை மணி நேரம் பேச வேண்டுமாம். சரி என்றேன். பதினான்கு வருஷம் மெல்போர்ன் மேடைகளில் இங்கிலீஷில் சிரிக்க வைத்தாயிற்று. போன மாதம் அங்கே அரங்கு நிரம்பி, வாசலில் ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். தமிழில் ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

அண்ணன் செருப்பு மாட்டிக்கொண்டே: "அந்தத் துண்டு காமெடிய மறக்காத சொல்லிடும்மா. அதுக்குத்தான் எல்லாரும் காத்துக்கினு கீறாங்க."

நான் அங்கே அதைச் சொன்ன வீடியோவுக்கு யாரோ தமிழில் எழுத்துப் போட்டு வாட்ஸப்பில் சுற்ற விட்டிருக்கிறார்கள். அதில் வருவது என் நைனா. அவரிடம் பட்டன் போன்தான். பார்த்திருக்க மாட்டார். பார்த்திருப்பாரோ?

ஜூலை 25, வெள்ளி

காலை நாஷ்டா இட்லி, ஏழு. வெட்கமில்லை.

துண்டு காமெடி (து. கா.) சுருக்கமாக: நான் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று, வேன் வைத்து ஊரே ஏர்போர்ட் வந்தது. உள்ளே போகும் வாசலில் நைனா தோள் துண்டை உருவி என் கையில் திணித்து, ஓடிப்போய் ஜன்னலோரம் போட்டு சீட் பிடி என்றார். உத்திரமேரூரில் பஸ் நிற்பதற்கு முன்னால் ஜன்னல் வழியே துண்டு எறிகிற மனுஷன். ஏரோப்ளேனும் அவருக்குக் காஞ்சிபுரம் பஸ். அவ்வளவுதான் ஜோக்.

மெல்போர்னில் முதல் வருஷம், பகலில் முதியோர் இல்லத்தில் வேலை. செவ்வாய்தோறும் ஒரு பாரில் யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம். எட்டு வாரம் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒன்பதாவது வாரம் இதைச் சொன்னேன். இருந்தது ஏழு பேர். ஏழு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் என் கடைசி ஐட்டம் இதுதான்.

பெற்ற அப்பாவை வைத்துச் சம்பாதித்த பேர். அவரிடம் சொன்னதே இல்லை. வெள்ளைக்காரர்கள் சிரித்தால் அவருக்கு ஒன்றுமில்லை. மாகறலிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தால்? அவர் தலை குனிந்தால் எனக்கு அப்புறம் எந்த மேடையும் வேண்டாம்.

அம்மாவைக் கேட்டேன். கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டே, "அத அவர கேளு. என்ன இன்னாத்துக்கு கேக்குற" என்றாள்.

ஜூலை 26, சனி

பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ். 'ஆஸ்திரேலியா புகழ் சிரிப்பரசி கோமதி'. போட்டிருக்கும் படம் விசாவுக்கு எடுத்தது. அதில் சிரிக்கக் கூடாது என்று விதி. ஜாமீன் கிடைக்காத முகம். கீழே விழாக்குழு மொத்தமும் கூலிங் கிளாஸில், பல் தெரிய. டீக்கடையில் ஒருவர்: "இந்தப் பொண்ணா சிரிக்க வெக்கப் போவுது?" பின்னால் நின்று நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

வாங்க வேண்டியது: சேஃப்டி பின், கற்கண்டு, மிளகு, அம்மாவுக்குத் தைலம்.

சாயங்காலம், சொல்லிவிடலாம் என்று வயல் மோட்டார் கொட்டகைக்குப் போனேன். நைனா என்னைப் பார்த்துவிட்டு, தண்ணீர் வருகிறது, கால்வாயை விட்டு ஏறு என்றார். ஏறிவிட்டேன். சொல்லவில்லை. ஊரெல்லாம் வாய் கிழியப் பேசுகிறவள், ஒரு ஆளிடம் முடியவில்லை. கோழை.

தீர்மானம்: து. கா. கிடையாது.

ஜூலை 28, திங்கள்

விடிகாலையில் நல்ல மழை. நேற்று நடந்ததை மறப்பதற்குள் எழுத வேண்டும்.

இரண்டாவது வரியிலேயே சால்வை. அண்ணன் மைக்கை வாங்கி, மாவு மில்காரர் பொன்னாடை அணிவிப்பார் என்றார். மில்காரர் கூச்சப்பட்டுக் கையில் கொடுத்தார், நானே போர்த்திக்கொண்டேன். போட்டோ. கும்பிடு. மறுபடி ஆரம்பித்தால் அடுத்த சால்வை. பேசுகிறவரை நடுவில் நிறுத்தினால்தான் இங்கே மரியாதை. ஐந்து சால்வை, ஐந்து ஜோக் பாதியில் செத்தது. அந்த எட்டு வாரம் ஞாபகம் வந்தது.

ஆறாவது ஆள் படி ஏறும்போது விட்டேன்: "அண்ணே, மெல்போர்ன் குளுருல ஒருத்தன் ஒரு போர்வ குடுக்கல. ஆடி வெயில்ல ஆறா? என்ன பேசக் கூப்ட்டீங்களா, அவிக்கக் கூப்ட்டீங்களா?"

திடல் குலுங்கியது. பிடித்த பிடியை விடவில்லை. ஒவ்வொரு சால்வைக்கும் ஒன்று. திட்டு வாங்குவதற்காகவே இரண்டு பேர் திரும்ப வந்தார்கள். இப்படி ஒரு மேடை என் ஆயுசில் இல்லை.

கும்பிட்டு முடிக்கும்போது பின்னாலிருந்து, துண்டு, துண்டு என்று குரல். திடலே பிடித்துக்கொண்டது. முன் வரிசையில் நைனா. சொல்லு என்பது போலக் கையை ஆட்டினார். சொன்னேன். பெரிய சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்தார். மேடை ஏறினார். மைக்கை வாங்கினார்.

"ஏரோப்ளேன்ல சீட்டுக்கு நம்பர் கீதுன்னு எனக்குத் தெரியாதா? டிக்கெட்ட வாங்கினு வந்ததே நாந்தான்."

தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"இது அழுதுகினு நின்னுது. மூக்கு ஒழுவுது. கையில கர்ச்சீப் இல்ல. அத்தினி பேரு எதிர்ல, அழாத கண்ணுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதான் துண்ட குட்த்து, சீட்டு புடின்னேன்." நிறுத்தினார். நான் பத்து வருஷம் பழகிய நிறுத்தம், அவருக்குச் சும்மா வருகிறது. "அதுக்கு இது பதினாலு வருசமா ஊரு ஊரா என்ன பைத்தியக்காரன் ஆக்கிக்கினு கீது."

எனக்குக் கிடைத்த சிரிப்பைப் போல இரண்டு மடங்கு. அம்மா தலைப்பால் வாயை மூடிக் குலுங்குகிறாள். எனக்கோ அழுகை. உடம்பில் பதினோரு சால்வை, எல்லாம் ஜரிகை, மூக்குத் துடைக்க ஒன்றும் உதவாது. நைனா துண்டை எடுத்து நீட்டினார்.

"இந்தா. அழாத கண்ணு." மைக்கிலேயே, அத்தனை பேர் எதிரிலும்.

துண்டு இப்போது என் பெட்டியில். கேட்டால் தர மாட்டேன்.

வாசலில் ஏழுமலை அண்ணன். அடுத்த ஆடிக்கு இப்போதே புக் பண்ணிவிட வேண்டுமாம். நைனாவை.