எலியும் தவளையும் மடக்கிய குடையும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று பதினான்கு தடவை செத்தேன். மதிய இடைவேளை மொத்தம் இருபது நிமிடம். சாப்பிட ஆறு, சாகப் பதினான்கு. நிமிடத்துக்கு ஒன்று. இதே வேகத்தில் துணி தேய்த்திருந்தால் லாண்டரி சூப்பர்வைசர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பார்.

கேமில் அதே பள்ளம்தான். மஞ்சள் சட்டை போட்ட சின்னப் பெண், கையில் மடக்கிய குடை. எதிரே பள்ளம், அதற்கு அந்தப் பக்கம் ஒரு கதவு. எவ்வளவு ஓடி வந்து குதித்தாலும் பாதி தூரம்தான் போகிறாள். இந்தப் பக்கக் கரையில் ஒரு தவளை. கிட்டே போனால் அதன் தலைக்கு மேல் ஒரு குமிழி வரும், குமிழிக்குள் குடைப் படம். இந்த கேமில் பேச்சு கிடையாது, எழுத்து கிடையாது, எல்லாமே படம்தான். அதனால்தான் எனக்குப் பிடித்தது. யாரும் வாயைத் திறக்க வேண்டாம்.

குடைதான் கையிலேயே இருக்கிறதே, தவளையாரே. இன்னும் என்ன வேண்டும்?

பட்டனைத் தட்டினால் குடையால் ஓர் அடி விழும். குடையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தவளையை நாற்பது அடி அடித்துப் பார்த்தேன். கண்ணைச் சிமிட்டியது.

மார்ச் 5, வியாழன்

பஸ் லேட். நிறுத்தத்துச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸை மறுபடி படித்தேன். ‘பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு. ஞாயிறு வகுப்புகள். வயது தடையில்லை.’ எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. பத்தாம் வகுப்புப் பாடத்தில் மனப்பாடம் ஆகியிருக்கும் ஒரே பகுதி இந்த நோட்டீஸ்தான்.

அம்மாவின் ஃபோனில் தேடலாம் என்று பார்த்தேன். கேமின் பெயரே தெரியாது. அண்ணன் பழையதாக வாங்கியது, லேபிள் கிழிந்திருக்கிறது. ‘குடை தவளை கேம்’ என்று போட்டேன். குழந்தைகளுக்கான தவளை முகக் குடைகள் வந்தன. அழகாகத்தான் இருக்கின்றன.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அம்மாவிடம் பேசும் நாள். ஃபோன் அடித்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டேன். ஒன்பது மாதமாக இப்படித்தான். ஊரிலேயே சுத்தமான பெண் நான்.

பத்தாவது பரீட்சைக்கு முன்னாலேயே பள்ளிக்குப் போவதை நிறுத்தினேன். அண்ணன் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. வெளியூர் வேலைக்குக் கிளம்புகிற அன்று காலையில் சேர்த்து வைத்துக் கத்தினான். “புரியலன்னா கேக்க வேண்டியதுதானே? வாயத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?” நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “சரி. இனிமே நானா உன்கிட்ட பேசமாட்டேன். உனக்கா எப்போ வாய் வருதோ அப்போ பேசு.”

கையடக்க கேம் பெட்டியை மட்டும் அலமாரியில் வைத்துவிட்டுப் போனான். மறந்தானா, வைத்தானா, தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

ஏன் நிறுத்தினேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. கை வலிக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு யோசனை. முதலிலிருந்து ஆரம்பித்தால் என்ன?

ஆரம்பித்தேன். பெட்டி ஒரு படம் காட்டியது: பழைய ஆட்டத்தின் மேல் ஒரு ரப்பர் நிற்கிறது. ஒரே ஓர் ஆட்டத்துக்குத்தான் இடமாம். புதிது வேண்டுமென்றால் பழையது அழியும்.

பழையது அண்ணனுடையது. அறுபத்தொரு மணி நேரம் ஆடியிருக்கிறான். நான் அவன் விட்ட இடத்திலிருந்து ஏறிக்கொண்டவள். கேமில் எழுத்து இல்லாவிட்டாலும் பெட்டியில் உண்டு: ஆடுபவர் பெயர் என்ற இடத்தில் இங்கிலீஷில் மூன்று எழுத்து, ELI, எலி.

அவன் என்னைக் கூப்பிடும் பெயர். வீட்டுக்கு யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் ஓடி ஒளிந்ததால் வந்தது.

விரல் பட்டன் மேலேயே இருந்தது. எடுத்துவிட்டேன். பஸ்ஸும் போய்விட்டது.

மார்ச் 15, ஞாயிறு

அம்மாவைத் தூது அனுப்பினேன். அவள் ஃபோனில் பேசுவதைக் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒட்டுக்கேட்டேன்.

“டேய், தங்கச்சி தவளைய அடிக்கிறாளாம்டா. அது குடை கேக்குதாம். குடுத்துட்டுப் போக வேண்டியதுதானேன்னு சொல்லிட்டேன்.”

பிறகு அம்மா வெகுநேரம் “ம்... ம்...” என்றாள். ஃபோனை வைத்ததும் சொன்னாள்: “உனக்கு வாய் இருக்குல்ல, நீயே கேளுங்கறான். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன போஸ்ட்மேனா?”

கேட்க மாட்டேன். நானாகவே கண்டுபிடிப்பேன்.

மார்ச் 16, திங்கள்

கண்டுபிடிக்கவில்லை. பத்தொன்பது சாவு.

மார்ச் 19, வியாழன்

இதை எழுதக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்த நோட்டைப் படிக்கப்போவது நான் மட்டும்தானே. என்னிடம் எனக்கென்ன வெட்கம்.

என் தேய்ப்பு மேசையில் துணி வழுக்கும். இடது கையால் இழுத்துப் பிடித்து, முழங்கையால் அமுக்கி, சமயத்தில் தாடையையும் வைத்து, வலது கையால் தேய்ப்பேன். மற்றவர்கள் அறுபது சட்டை முடிக்கும் நேரத்தில் எனக்கு முப்பத்தைந்து. ஐந்து மாதமாக. எனக்குக் கைராசி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று ஒரு பொத்தான் உருண்டு மேசைக்கு அடியில் போனது. குனிந்தேன். அங்கே காலால் அழுத்தும் ஒரு மிதி. மிதித்தேன். மேசை உஸ்ஸென்று மூச்சை இழுத்தது, துணி அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

பக்கத்து மேசையில் துணி மடிக்கும் அக்காவிடம் போய் நின்றேன். “அக்கா... கீழ ஒரு மிதி இருக்கு.”

“ஆமா.”

“அது எல்லா மேசையிலும் இருக்கா?”

“இருக்கே. ஏன், நீ மிதிக்கறதில்லயா?” என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அடிப்பாவி. தாடையால தேய்க்கிறது உன் ஸ்டைல்னுல்ல நெனச்சேன்.”

ஐந்து மாதம். யாருமே சொல்லல. நானும் கேக்கல. ஒரு வார்த்தைதானே. அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து தாடையால தேய்ச்சிருக்கேன். எனக்கு என்னதான் பிரச்சினை?

மார்ச் 22, ஞாயிறு

ஃபோன் அடித்தது. வாளியை எடுத்தேன். கீழே வைத்தேன். அம்மா கையிலிருந்து ஃபோனை வாங்கினேன். அம்மா பேய் அறைந்த மாதிரி பார்த்தாள்.

“அண்ணா.”

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம்.

“குடை எதுக்கு?” என்றேன். ஒன்பது மாதம் கழித்துப் பேசும் முதல் பேச்சு இது.

“என்னது?”

“தவளை குடையக் காட்டுது. குடை என் கையிலதான் இருக்கு. அடிச்சும் பாத்துட்டேன்.”

“எத்தன நாளா அடிக்கிற?”

“டிசம்பர்லேர்ந்து.”

அவன் சிரிக்க ஆரம்பித்தான். ஃபோனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவு சத்தம். “எலி. மக்கு எலி. குடைய வச்சு என்ன பண்ணுவாங்க?”

“அடிப்பாங்க.”

“விரிப்பாங்க. பட்டனத் தட்டாத. அமுக்கிப் பிடி, விடாத. விரியும். அப்புறம் குதி, மெதுவா மிதந்து போவ.”

“யாருமே சொல்லலியே.”

“ஆரம்பத்துல, முதல் பத்து நிமிஷத்துலயே கேமே படம் போட்டுச் சொல்லித் தரும். நீ நடுவுல வந்து ஆடுற. உனக்கு எப்படித் தெரியும்?”

வாய் தானாகவே பேசியது. “ஸ்கூல்லயும் அப்படித்தாண்ணா. எட்டாவதுல மஞ்சக்காமாலைல ஒன்றரை மாசம் படுத்திருந்தேன்ல. திரும்பிப் போனப்போ எல்லாமே நடுவுல இருந்துச்சு. எங்க ஆரம்பிச்சதுன்னே தெரியல.”

பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

“அத ஏன் அன்னிக்கே சொல்லல?”

“நீ கேக்கல.”

“ஆமா,” என்றான். “கத்தத்தான் கத்தினேன். கேக்கல.”

பிறகு, “வேணும்னா என் ஆட்டத்த அழிச்சிட்டு முதல்லேர்ந்து ஆடு” என்றான்.

“வேணாம்,” என்றேன்.

மார்ச் 23, திங்கள்

அமுக்கிப் பிடித்தேன். சிவப்புக் குடை. இத்தனை நாள் மடங்கியே இருந்ததால் அதன் நிறமே எனக்குத் தெரியாது.

தாண்டுவதற்கு முன் தவளையிடம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். மன்னிப்புக் கேட்கப் பட்டன் இல்லை.

மார்ச் 26, வியாழன்

ஐம்பத்தெட்டு சட்டை. தாடைக்கு ஓய்வு.

ஏப்ரல் 5, ஞாயிறு

நோட்டீஸில் போட்டிருந்த இடம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. பத்தொன்பது பேர். நான்தான் சின்னவள். பக்கத்தில் ஒரு லாரி டிரைவர், முன்னால் கைக்குழந்தையோடு ஒரு அக்கா. கதவுக்குப் பின்னால் இடமில்லை, பார்த்துவிட்டேன்.

கணக்கு மேடம் பலகை நிறைய எழுதிக்கொண்டே போனார். மூன்றாவது வரியில் ஓர் எக்ஸ் வந்து உட்கார்ந்திருந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கையைத் தூக்கினேன். மேடம் திரும்பவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் தலையைச் சொறிந்துவிட்டுக் கையை இறக்கிவிடுவேன். இறக்கவில்லை. தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

“என்னம்மா?”

“மேடம், அந்த எக்ஸ் எப்போ வந்தது?”

“அது எட்டாவதுலயே வந்துடுச்சேம்மா.”

எனக்குக் காது சுட்டது. பக்கத்தில் லாரி டிரைவர் மெதுவாகத் தன் கையையும் தூக்கினார். “எனக்கும் தெரியாது மேடம். மரியாதைக்கு எழுதிட்டிருந்தேன்.” முன்னாலிருந்த அக்கா திரும்பாமலேயே, “நானுந்தான்” என்றாள்.

மேடம் எங்களைப் பார்த்தார். பிறகு பலகையை முழுவதும் அழித்துவிட்டு, மேலே இடது மூலையிலிருந்து ஆரம்பித்தார்.

முதலிலிருந்து ஆரம்பித்தும் யாருடைய ஆட்டமும் அழியவில்லை.