நண்டு தப்பிய நாளுக்கு வந்த எச்சரிக்கைக் கடிதம்

சேசு மரி சூசை

சுவா சூ காங்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் பெதானிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆண்டவர் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், நான் கொஞ்சம் கூடுதலாகவே நன்றாக இருக்கிறேன், காரணம் பின்னால் வரும். பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் ரயனும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் காப்பிக்கடை வரைக்கும் நடந்து அங்கேயே உட்கார்ந்துகொள்கிறார். ரயனுக்குப் பார்த்த பள்ளியில் பாடத்தாளே கிடையாதாம், பிள்ளைகள் எதைத் தேடிப் போகிறார்களோ அதுதான் பாடமாம், நம்பலாமா என்று கேட்டிருந்தாய். பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நேற்று நடந்ததைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

என்னை வேலையை விட்டு அனுப்பிய பிரின்சிபல் கண்மணியை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு பூன் லே பாலர் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தபோது ஆறு வயதுப் பிள்ளைகள் பதினொரு பேரைத் தேக்கா சந்தைக்கு அழைத்துப் போனேனே, அந்த நாள்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஆளுக்கொரு தாள், அதில் பத்துக் காய்கறிப் பெயர், பார்த்ததற்கு டிக் போட வேண்டும். மீன் கடையில் இப்ராஹீம் பாயின் நண்டு ஒன்று கட்டு அவிழ்ந்து தரையில் ஓடியது. பிள்ளைகள் அத்தனை பேரும் குந்தி உட்கார்ந்துவிட்டார்கள். ஏன் பக்கவாட்டில் நடக்கிறது, அதற்கு முன்பக்கம் எது, கூடையைக் குறுக்கே வைத்தால் எந்தப் பக்கம் திரும்பும் என்று முக்கால் மணி நேரம். பாயும் வியாபாரத்தை விட்டுவிட்டு இன்னொரு நண்டைப் புரட்டிக் காட்டினார். கூட வந்த உதவி டீச்சர் பள்ளி ஆல்பத்துக்குப் போட்டோ எடுத்தாள். நான் ஒரு விடையும் சொல்லாமல் அவர்கள் பேசியதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். காய்கறித் தாள் பதினொன்றும் வெறுமையாகத் திரும்பின. மறுநாள் கண்மணி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாள், பாடத்திட்டத்தை மீறி நண்டு பார்த்தேனாம், வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லையாம். மூன்று மாதத்தில் வேலையும் போயிற்று. அதோடு விட்டாளா? நான் நேர்காணலுக்குப் போன இடத்திலிருந்தெல்லாம் அவளுக்குப் போன் போட்டு விசாரித்தார்கள், அவளும் "நல்லவங்கதான், ஆனா கிளாஸ் கன்ட்ரோல் இல்ல லா" என்று ஒரே வரியில் என் இருபத்திரண்டு வருஷப் பெயரைக் கெடுத்தாள். இன்றுவரை ஒரு பள்ளியும் என்னை எடுக்கவில்லை.

போன வாரம் வர்ஷாவின் அம்மா, அந்தப் பதினொரு பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா, வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் அனுப்பினாள். அதே பள்ளியில் பெற்றோர் வந்து பார்க்கும் நாளாம், தலைப்பு 'குழந்தையே வழிகாட்டும் கற்றல்', நடுவில் பெரிதாக அன்று சந்தையில் எடுத்த நண்டுப் படம், எடுத்த தேதியோடு. ஓரத்தில் நோட்டைப் பிடித்த ஒரு கை, அதில் நீ முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த வளையல். என் முகத்தை வெட்டியவளால் கையை வெட்ட முடியவில்லை. அதை அப்பாவிடம் காட்டி, இவளைச் சும்மா விடக் கூடாது என்றேன். பழிவாங்குவது ஆண்டவர் வேலை, நமக்கெதற்கு என்றார் அப்பா. அவருக்கு வேலை அதிகம், நான் கொஞ்சம் கைகொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, பைபிளுக்குள் மடித்து வைத்திருந்த அந்த எச்சரிக்கைக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு நேற்றுப் போனேன்.

கூடத்தில் படம் சுவரை அடைத்துக்கொண்டிருந்தது. இதுதான் எங்கள் வழி என்று கண்மணி பெற்றோர் முன்னால் பேசிக்கொண்டிருந்தாள். பாலர் பள்ளியில் எதையும் பிள்ளைகளின் கண்மட்டத்தில்தான் மாட்ட வேண்டும், அதனால் படத்துக்குக் கீழே அந்த உயரத்தில் கடிதத்தை ஒட்டிவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் வந்தது ரக்ஷனா என்ற வாண்டு. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் வந்து, "ஆன்ட்டி, நண்டு பாத்தது தப்பா? அப்ப ஏன் போட்டோ போட்டிருக்காங்க?" என்று கேட்டாள். விடை தெரிந்தாலும் சொல்லக் கூடாது, பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அதுதானே முறை. கீழே கையெழுத்துப் போட்டவங்ககிட்டயே கேட்டுப் பாரு என்றேன். அவள் நேரே போய், பேச்சின் நடுவில் கண்மணியின் சேலையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள். பின்னாலேயே ஆரிஃப், அவன் பின்னால் இன்னும் நாலு பேர். கண்மணி "லேட்டர், லேட்டர்" என்றாள், ரக்ஷனா விடவில்லை. பெற்றோர் ஒவ்வொருவராகக் குனிந்து கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள். "போய் உக்காரு, கேள்வி கேக்காத" என்று கண்மணி கத்தியது கூடம் முழுக்கக் கேட்டது. நான் நோட்டைத் திறந்து தேதி, நேரம், பிள்ளையின் பெயர், கேட்ட கேள்வி, கிடைத்த பதில் எல்லாவற்றையும் பழையபடி எழுதிக்கொண்டேன்.

ரயன் விஷயம் இதுதான். சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்து அவனைச் சேர்த்துவிடாதே. ஒரு பிள்ளை வேண்டாத நேரத்தில் கேள்வி கேட்கும்போது டீச்சரின் முகத்தைப் பார், அது போதும். நான் இன்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை, செய்ததற்கு மனம் வருந்தினால்தானே போக முடியும், எனக்கு இன்னும் வருத்தம் வரவில்லை. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், ரயனுக்குக் காதை மூடி அனுப்பு. ஆண்டவரும் தேவமாதாவும் உங்கள் மூவரையும் நிழலாக இருந்து காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அப்பா போனில் கேட்டால் கடிதத்தைச் சுவரிலிருந்து எடுத்துவர அம்மா மறந்துவிட்டாள் என்று சொல். என்னிடம் இன்னும் மூன்று நகல் இருக்கிறது.

இப்படிக்கு,
வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாத உன் அம்மா,
அந்தோனியம்மாள்