கவிதா என் காதில் சொன்னது

செவ்வாய், இரவு.

இன்று மீட்டிங்கில் மேனேஜர் என் டீமில் இருக்கும் கவிதாவைப் புகழ்ந்து தள்ளினார். ரீஃபண்ட் புரோகிராமை ஒரே நாளில் முடித்துவிட்டாளாம். ஏன் முடியாது? நான் மாதக்கணக்கில் எழுதிய பேமெண்ட் கிளாஸ் என்ற கோட் தொகுப்பின் பெயரைத் தன் கோடில் ஒரு கோலனுக்குப் பின்னால் போட்டாள். என் கோட் முழுவதும் அவளுக்கு வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு கமா, என்ன ஃபங்ஷன் இருக்க வேண்டும் என்று கேட்கும் ஒரு இன்டர்ஃபேஸ். அது கேட்ட ஒரே ஃபங்ஷனை மட்டும்தான் அவள் எழுதினாள்.

வேலை முடிந்து திரும்பும்போது ஃபெர்ரி படகில் என் காதருகே சொன்னாள்: "அக்கா, எல்லாமே உங்க கிளாஸ்லருந்து வந்ததுதான்லா. நான் என்ன செஞ்சேன்?"

வீட்டுக்கு வந்ததும், என் கிளாஸிலிருந்து யாரும் எதையும் எடுக்க முடியாதபடி தடுக்கும் அந்த ஒற்றைச் சொல்லை அடித்துப் பார்த்தேன். அவள் ஃபைல் முழுக்கப் பிழைக் கோடுகளால் சிவந்தது. கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு அந்தச் சொல்லை அழித்துவிட்டேன்.

ஃபெர்ரியில் சொன்னதை அவள் மீட்டிங்கில் சொல்லியிருக்கலாமே.