கல்லுக்குழியில் போட்ட கிடை

இன்று காலை காளவாசலில் ஒரு மாட்டுவண்டி என்னை உரசிக்கொண்டு போனது. வண்டி நிறையப் பச்சைப் புல். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் தரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடி, எங்கே அறுத்த புல் என்று கேட்டேன்.

"நாகமலை அடிவாரத்துல அண்ணே. பழைய கல்லுக்குழி மேட்டுல" என்றார் வண்டிக்காரர்.

வீட்டுக்கு ஓடி, புல் அளக்க நீ தரையில் வைக்கும் மரச்சட்டத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மாற்றலாகி இந்த ஊருக்குத் திரும்பி வந்து நாலைந்து நாள்தான் ஆகிறது. அந்தப் பக்கம் போக இதுவரை தைரியம் வரவில்லை.

உனக்கு நினைவிருக்கும். கல் வெட்டி முடித்த அந்த மேய்ச்சல் நிலத்தை ஊருக்கே திருப்பிக் கொடுப்பதா, மறுபடி கல் வெட்டிய குத்தகைக்காரருக்கே விடுவதா என்று முடிவு செய்ய, இலாகா நம் இருவரையும் அனுப்பியது. மண் என் பாடு, புல் உன் பாடு. கை படாத நிலம் ஒன்றைப் பக்கத்தில் தேடிப் பிடித்து, அதோடு குழிமேட்டை ஒப்பிட வேண்டும். ஓடைக்கரையில் கொழுக்கட்டைப்புல் செழித்துக் கிடந்த இடத்தைப் பார்த்ததும் நாம் துள்ளினோம். சட்டத்தைத் தரையில் வைத்தால் உள்ளே புல்லைத் தவிர வேறில்லை. குழிமேட்டில் வைத்தால் வெறும் சல்லி. இங்கே இனி ஒன்றும் முளைக்காது என்று எழுதக் கிளம்பினோம்.

அப்போதுதான் நீ குனிந்தாய். ஓடைக்கரைப் புல்லுக்குள் வரிசையாக முளைக்குச்சி அடித்த ஓட்டைகள். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டாய்.

"போன கோடையில எங்க கிடை இங்கனதேன் கெடந்துச்சு சாமி. அம்புட்டு ஆடும் இங்கனதேன் படுத்துச்சு" என்றார் அவர்.

கை படாத நிலமென்று நாம் கொண்டாடியது ஆட்டுப் புழுக்கை உரமேறிய நிலம்! நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நீயோ சிரித்தாய். "மாப்ள, அப்ப குழிமேட்டுலயும் கிடை போட்டுப் பாப்பமே" என்றாய். கண்மாய் வண்டலைப் பரப்பி, அதன்மேல் ஆட்டுக்கிடை போட வேண்டும் என்று எழுதினாய். கல் வெட்டி அழித்ததை ஆடு திருப்பித் தருமா என்று மேலதிகாரி கேலி செய்தார். ஒரு மழைக்காலம் மட்டும் அவகாசம் கொடுத்தார். வண்டலைப் பரப்பிக் கிடையும் போட்டோம்.

அந்த வருடம் மழை பொய்த்தது. நீ காய்ச்சலில் படுத்தாய். உன்னைப் பார்க்கப் போன போதெல்லாம் உன் முதல் கேள்வி, "புல்லு வந்துச்சா?" இல்லை என்பேன். "மேல வரலைன்னா கீழ வேர் விடுதுன்னு அர்த்தம்" என்பாய். எனக்குக் கோபமாக வரும். எழுந்து வாசலுக்கும் கட்டிலுக்கும் நடப்பேன். அடுத்த மழைக்கு முன்னால் நீ போய்விட்டாய். இன்னொரு வருடம் கேட்டு நான் எழுதினேன். பதில் வருமுன் என்னை மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து எந்த ஊரில் மேகம் கறுத்தாலும் எனக்கு இருப்புக் கொள்ளாது. நாகமலையில் பெய்யுமா, நிலம் யார் கையில் இருக்கிறதோ என்று மனம் கிடந்து அடித்துக்கொள்ளும்.

இன்று அடிவாரத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஏறினேன். மேட்டில் ஒரு கிடை கிடந்தது. பட்டிக்குள் குட்டிகள் கத்தின. குத்தகைக்காரர் என்ன ஆனார் என்று காவலிருந்தவரிடம் கேட்டேன்.

"அவுகளுக்குக் குடுக்கலைங்க. ஊருக்கே விட்டுட்டாக" என்றார்.

கிடையைத் தாண்டி நடந்து, உன் சட்டத்தைக் கீழே வைத்தேன். இடம் மாற்றி மாற்றி வைத்தேன். புல்முள் வேட்டியெல்லாம் ஒட்டிக்கொண்டது. இந்த மடலை எழுதும்போதும் அதைப் பிடுங்கிப் போட மனம் வரவில்லை.

வந்திருச்சு, மாப்ள. சட்டத்துக்குள் மண்ணே தெரியவில்லை.