நல்லம்மாளுக்கு ஒரு லண்ட்ரோவர்

2.11.2024, சனி

இன்றும் வேன் உள்ளே வரவில்லை. பெரிய ரோட்டிலேயே நின்று வேன்காரன் ஹாரன் அடித்தான். என் பெண்சாதி நல்லம்மாளை நாற்காலியோடு நானும் பக்கத்து வீட்டுச் செல்லையாவும் தூக்கிக்கொண்டு போனோம். மண் லோரிகள் தோட்டத்துச் சாலையை உழுது போட்டுவிட்டன. தீபாவளியிலிருந்து மழை விடவில்லை. செல்லையா ஒரு சிலிப்பரைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டான்.

செவ்வாய், வியாழன், சனி. இந்த மூன்று நாளும் கோல சிலாங்கூருக்குப் போய் அவள் இரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். தொடர்ந்து தவறினால் நெஞ்சில் நீர் ஏறிவிடும் என்று அங்கே ஊசி போடும் மிஸ்ஸி சொல்லியிருக்கிறாள். லயத்தில் மிச்சமிருப்பது மூன்று குடும்பம். மழைக்காலம் முழுக்க யார் தூக்குவது?

மெஷின் நாலு மணி நேரம் ஓடும். அந்த நேரத்தில்தான் அவள் எனக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தாள். அவள் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. நான் மாடு மேய்த்தவன், பிறகு டிராக்டர் ஓட்டியவன். எழுபத்திரண்டு வயதில் எழுதுகிறேன். இந்தப் பக்கத்துக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது. பிடிக்கட்டும், சந்தோஷமாக இருக்கிறது.

3.11.2024, ஞாயிறு

மகள் தனேஸ்வரி ரவாங்கிலிருந்து வந்தாள். அவள் வீட்டுக்கே வந்துவிடச் சொல்கிறாள். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

நல்லம்மாள் சொன்னாள்: “நாலு மாடி ஏறுறதுக்குள்ள நான் நேரா மேலயே போயிருவேன்டி.”

செல்லையா தன் போனில் ஒரு படம் காட்டினான். குவா மூசாங்கில் ஒரு சீன முதலாளி, தவுக்கே, பழைய லண்ட்ரோவர் விற்கிறார். காட்டு மரம் ஏற்றிய வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். சேறு அதற்குச் சாப்பாடு. மாடு விற்ற பணம் இருக்கிறது.

தனேஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டாள். “அப்பா, அது உங்க வயசு வண்டி.”

“அப்ப நல்லாத்தான் ஓடும்” என்றேன்.

4.11.2024, திங்கள்

பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. செல்லையாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பேச்சுத் துணைக்கு வருகிறான். தனேஸ்வரி வியாழன் வரை லீவு போட்டு அம்மாவோடு இருக்கிறாள். நாளைக்கு மண் காண்ட்ராக்டரின் டிராக்டரில் அம்மாவை ஏற்றிப் போவாளாம். வியாழனுக்கு நான் வண்டியோடு வந்துவிட வேண்டும்.

5.11.2024, செவ்வாய்

வாங்கிவிட்டேன்!

பச்சை நிறம். 1967. ஒரு விளக்கு எரியவில்லை. கதவை மூடினால் தகர டப்பாவை மூடுவது போல இருக்கிறது. ஆனால் முடுக்கியதும் தரை அதிர்ந்தது. மலையோரத்துச் சேற்றில் இறக்கி ஏற்றிக் காட்டினார் தவுக்கே. பிறகு நானும் ஏற்றினேன். உடம்பெல்லாம் சிரித்தது.

ராடியேட்டர் கொஞ்சம் ஒழுகும், தண்ணீர் பார்த்துக்கொண்டே போ என்றார் மலாயில்.

நல்லம்மாளுக்குப் போன் பண்ணினேன். டிராக்டரில் போய் வந்துவிட்டாளாம், நனைந்துவிட்டாளாம். “மஞ்சத்தூள் பையில வச்சிருக்கேன். வண்டிய எடுக்குறதுக்கு முன்னாடி பூசிட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிட்டு எடுங்க” என்றாள். குரலில் இருமல்.

6.11.2024, புதன்

காலையில் நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, மஞ்சள் குங்குமம் பூசி, நசுக்கிப் புறப்பட்டோம். நாங்கள் எல்லோருக்கும் வழி விட்டோம். பள்ளிக்கூட பஸ்கூட எங்களைத் தாண்டிப் போனது. பிள்ளைகள் கையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். செல்லையா, “ரோட்டப் பாருடா மாப்பிள்ள” என்று திட்டினான்.

லிப்பிஸ் வருவதற்குள் ராடியேட்டர் சொட்டுச் சொட்டாக இல்லை, கோடாகவே ஒழுகியது. அங்கே தெரிந்த ஒர்க்ஷாப் எதுவும் இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது. பழைய தோட்டத்து லோரிகளில் ஒழுகினால் மஞ்சத்தூள்தான் போடுவோம். தண்ணீரில் ஊறி ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு கரண்டி போட்டேன். நின்றுவிட்டது! ஒரு சொட்டு இல்லை.

மலை ஏற வேண்டுமே என்று மீதிப் பொட்டலத்தையும் கொட்டினேன்.

“டேய், போதும்லா! கறியா வைக்கிற?” என்றான் செல்லையா.

மழையில் ஒற்றை விளக்கோடு ஓட்ட முடியவில்லை. ரவூப் கோயில் மண்டபத்தில் படுக்கிறோம். விடிந்ததும் கிளம்பினால் மத்தியானத்துக்குள் வீடு. மெஷின் மூன்று மணிக்குத்தான்.

7.11.2024, வியாழன்

வீடு போய்ச் சேரவில்லை. பகல் முழுக்க மலையிலேயே கிடந்தோம்.

கோல குபு பாருவுக்குப் போகும் மலைச்சாலையில் பாதி ஏறும்போது பானட்டிலிருந்து புகை. சூட்டு முள் கடைசிக்குப் போய் நின்றது. திறந்தேன். மஞ்சள் தண்ணீர் கொதித்து வெளியே வழிந்தது. ஓட்டையை அடைத்த மஞ்சள் உள்ளே இருந்த குழாய்களையும் அடைத்துவிட்டது. ஒரு கரண்டியோடு விட்டிருக்கலாம். ஏன் கொட்டினேன்? யார் சொன்னார்கள்?

போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. வண்டி எதுவும் வரவில்லை. மூன்று மணி ஆனது. செல்லையா வளைவு வரைக்கும் போய்ப் போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வந்தான்.

சாயங்காலம் ஒரு டுரியான் லோரி வந்தது. மலாய்க்காரர், வயதானவர். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு இறக்கினார். கலும்பாங்கில் ஒரு தமிழ்ப் பையன் பழைய லண்ட்ரோவர்தான் பார்ப்பான் என்று அங்கேயே கொண்டுவந்து விட்டார். காசு வாங்கவில்லை.

கோடு கிடைத்ததும் தனேஸ்வரி அழுதாள். டிராக்டரும் பாதியில் புதைந்துவிட்டதாம். அம்மா மெஷினுக்குப் போகவில்லை.

8.11.2024, வெள்ளி

ஒர்க்ஷாப்காரன் பெயர் சுகுமாறன். ராடியேட்டர் மூடியைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தான்.

“அங்கிள், இது ராடியேட்டரா, மீன் கொழம்புச் சட்டியா?”

“உப்பு பாத்துச் சொல்லு தம்பி” என்றான் செல்லையா.

எனக்குக்கூடச் சிரிப்பு வந்தது. அதற்காக என் மேலேயே கோபம் வந்தது. எஞ்சினுக்கு மேல் இருக்கும் கேஸ்கெட் சூட்டில் போய்விட்டது. பின்னால் கிடக்கும் செத்த வண்டியிலிருந்து வேறு ராடியேட்டர் கழற்றிப் போடுகிறான். வீட்டில் நல்லம்மாளுக்கு உடம்பு முடியவில்லை என்று சொன்னேன். ராத்திரியும் வேலை செய்கிறேன் என்றான்.

ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன் தனேஸ்வரியிடம். வந்ததாம், பெரிய ரோடு வரைக்கும். ஆட்களைக் கூட்டிவந்து தூக்கலாம் என்றாளாம். நல்லம்மாள், “அவரு வரட்டும்” என்று சொல்லிவிட்டாளாம்.

ஏன் அப்படிச் சொன்னாள்? என்ன பைத்தியக்காரி.

9.11.2024, சனி

மத்தியானம் வந்து சேர்ந்தேன். டிராக்டர் புதைந்து கிடந்த இடத்தைச் சுற்றி, கீழ் கியரில், ஒரு தடவைகூட நிற்காமல் வாசல் வரை வந்தது வண்டி. இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

தலையணை மூன்றை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வரவில்லை. முகம் ஊதியிருந்தது.

“இம்புட்டுச் சத்தமா” என்றாள். அவ்வளவுதான் பேச முடிந்தது.

முன் சீட்டில் வைத்துக் கட்டிக்கொண்டு போனேன். மெஷின் இடத்தில் மிஸ்ஸி அவளைப் பார்த்த உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். நெஞ்சில் நீர்.

12.11.2024, செவ்வாய்

பிழைத்தாள்.

26.11.2024, செவ்வாய்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

மெஷினுக்காகக் கையில் ஊசி குத்தும் நரம்பு அடைத்துவிட்டது. கழுத்தில் குழாய் வைத்தார்கள், சீழ் பிடித்தது. இனித் தொடையில் வைத்துப் பார்க்கலாம், இருதயம் தாங்குமா என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். இந்த வாரம் எப்படியோ ஓடுகிறது. வண்டி ஒரு நாளும் சறுக்கவில்லை.

5.12.2024, வியாழன்

கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். தொடையில் வேண்டாம், இனி மெஷினே வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வழியில் வண்டியை நிறுத்திவிட்டேன்.

“வண்டிதான் இருக்குல்ல புள்ள. எந்த மழையிலயும் நான் கொண்டு போறேன்லா.”

“ரோடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. குத்துறதுக்கு எங்கிட்டதான் எடமில்ல.”

“நான் அந்த மஞ்சளக் கொட்டாம இருந்திருந்தா...”

“மூணு வருசமா செத்துக்கிட்டுதான் இருக்கேன். ஒங்க மஞ்சப் பொட்டலம் என்ன, பெரிய எமனா? வண்டிய எடுங்க, வேர்க்குது.”

எடுத்தேன். வேறென்ன செய்வேன்?

7.12.2024, சனி

தனேஸ்வரி கத்தினாள், கெஞ்சினாள். அவள் அம்மா மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். சரி என்று சொல்லவில்லை.

கால் வீங்கத் தொடங்கிவிட்டது.

10.12.2024, செவ்வாய்

மழை இல்லை. காலையிலேயே குளித்து, மகள் வாங்கித் தந்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “எங்கயாச்சும் போலாம்ங்க. மெதுவா ஓட்டுங்க” என்றாள்.

கோல சிலாங்கூரில் மெஷின் இடத்து வாசலில் நம்ம வேன்காரன் நின்றான். எங்களைப் பார்த்துக் கை காட்டினான், உள்ளே திரும்புவோம் என்று நினைத்து. நான் நேராக விட்டேன். பாலம் ஏறி ஆற்றைத் தாண்டினோம். தஞ்சோங் காராங்கையும் தாண்டி, சுங்கை புரோங் வயல் வந்தது. நெல் கதிர் பிடித்திருந்தது. காற்று இரண்டு பக்கமும் உள்ளே வந்தது. கதவின் சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டு ஏதோ பாடினாள். சிரித்தோம்.

வாய்க்கால் ஓரத்தில் இளநீர்க் கடை. நிறுத்தச் சொன்னாள். மூன்று வருடமாக அவளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குவளை தண்ணீர்தான். இளநீர் கண்ணில்கூடக் காட்டக் கூடாது, இருதயம் நின்றுவிடும் என்பார்கள். நான்தான் அளந்து கொடுப்பவன். ஒரு மடக்குக் கூடினாலும் சண்டை போடுவேன்.

இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தாள். கழுத்தில் வழிந்தது. துடைக்கவில்லை.

“இன்னொண்ணு” என்றாள்.

வெட்டச் சொன்னேன்.