துலுக்காத திவான்

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் மீசைக்கு எண்ணெய் பூசி முறுக்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. எலப்புள்ளி முதல் சித்தூர் வரை இதற்கு இணையான மீசை கிடையாது. எங்கள் நிறுத்தத்தில் பேருந்து நிற்பதே இதைப் பார்த்துவிட்டுத்தான்.

அந்தப் பெருமிதத்தில் இருக்கையில் மருதாத்தாள் அக்கா வந்தாள். "மார்ச் ஒம்பது முனியப்பன் பூசைடா பொங்கியண்ணா. உன்ர கிடாயைத் தயார் பண்ணி வையி."

மறந்தே போயிருந்தேன். போன ஆடியில் வரப்பில் என்னைப் பாம்பு கடித்தபோது அக்கா நேர்ந்துகொண்டது. (பாம்பு பதினெட்டு அடி. ஆசுபத்திரிச் சீட்டில் 'சிறு பாம்பு' என்று எழுதியிருக்கிறார்கள். பொறாமை.) தம்பி பிழைத்தால் அவன் பட்டியில் இருப்பதிலேயே பெரிய கிடாய் உனக்கு என்று வேண்டிக்கொண்டாளாம். பிழைத்துத் தொலைத்துவிட்டேன்.

பெரிய கிடாய் என்றால் திவான்.

பிப்ரவரி 17

என் சேனையில் செம்மறிகள் ஏழு. அறுத்த வயலில் திவான் முன்னே நடந்தால் மற்ற ஆறும் தலையைத் தொங்கப்போட்டுப் பின்னே போகும். பாம்புக்கடிக் கால் வீங்கிக் கிடந்த இரண்டு மாதமும் அவன் கொம்பைப் பிடித்துத்தான் நடந்தேன். ஊன்றுகோல் கேட்டதற்கு அக்கா வீட்டுக்காரர் மோகனசுந்தரம் மச்சான் கொடுத்தது கம்பி ஒடிந்த குடை. திவானை எப்படி வெட்டக் கொடுப்பது? சாமிக்குச் சொன்ன வாக்கை எப்படித் தட்டுவது?

யோசித்தேன். இந்த மூளையை டெல்லியில் யாரும் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பது நாட்டின் துரதிர்ஷ்டம். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கிடாய் உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். துலுக்குவது என்போம். துலுக்கினால்தான் சாமி உத்தரவு. மூன்று முறை தெளித்தும் துலுக்காவிட்டால் வெட்டக் கூடாது.

தண்ணீர் பழகிப்போனவன் எதற்குத் துலுக்கப் போகிறான்?

கிணற்றடியில் முதல் வாளி ஊற்றினேன். எட்டுத் தடவை துலுக்கினான். மலம்புழை அணையைத் திறந்துவிட்டதுபோல் நான் நனைந்தேன்.

பிப்ரவரி 24

நான்கு தடவை. முன்னேற்றம்.

கோவையில் நர்சிங் படிக்கும் அக்கா மகள் கௌசிகா லீவுக்கு வந்திருக்கிறாள். "மாமா, ஆட்டுக்கு எதுக்குங்க தெனம் குளியல்?"

"வெயிலு சாமி, வெயிலு."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன?"

"நீங்க குளிச்சு எத்தனை நாளாச்சுன்னு கேட்டனுங்க."

மார்ச் 8

இருபதாம் நாள். இரண்டு வாளி ஊற்றினேன். திவான் அசை போட்டுக்கொண்டு, 'முடிந்ததா?' என்பதுபோல் பார்த்தான். முனிவர்கள் காட்டில் நூறு வருடம் தவமிருந்து பெறுகிற நிலை.

மார்ச் 9, ஞாயிறு

பூசாரி ஆறுமுகசாமி முதல் சொம்பு ஊற்றினார். திவான் அசையவில்லை. இரண்டாம் சொம்பு. கழுத்து மாலையில் இருந்த செவ்வந்தியைத் தின்ன ஆரம்பித்தான். "முனியப்பா, உத்தரவு குடு!" என்று சனம் கத்தியது. மச்சான் பொறுக்க முடியாமல் அவன் காதில் ஊதினார். மூன்றாவது சொம்பு. இன்னொரு செவ்வந்தி.

"சாமி வேண்டாங்குது. அவுத்து உடுங்க," என்றார் பூசாரி.

மச்சான் அலறினார். "அரைச்ச மசாலாவை என்னங்க பண்றது?"

"உருளைக்கிழங்கு இருக்குதுங்கப்பா," என்றாள் கௌசிகா.

சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு திரும்பினேன். அக்கா நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. முனியப்பனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மார்ச் 10

அக்கா வீட்டில் இருந்து சத்தமே இல்லை.

மார்ச் 12

கௌசிகா வந்து சொன்னாள். "அம்மா மூணு நாளா பச்சைத் தண்ணிதானுங்க மாமா. கிடாய் வேண்டாம்னு சாமி சொன்னா, தம்பியையே கேக்குதுன்னு அர்த்தம்ங்குது. நீங்க வரப்புல கால் வெக்கவே கூடாதாம்."

அட மடையா. ஆட்டுக்குப் பார்த்தாய், கூடப் பிறந்தவளைப் பார்த்தாயா? இதற்கா இருபது நாள் தண்ணி இறைத்தாய்? சொன்னால் செருப்படி. சொல்லாவிட்டால் — அவ போய்ச் சேந்துருவா. இதென்ன யோசனை!

மார்ச் 13

சொல்லிவிட்டேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஓடுவதற்கு வாகாக நின்று சொன்னேன்.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, "எத்தனை நாளு ஊத்துன?"

"இருவது."

"எங்க வெச்சு?"

"கெணத்தடியில."

"அங்கிருந்து பாத்தா முனியப்பன் தெரியுமல்ல?"

"தெரியும்."

"அப்ப முனியப்பனுக்கு நீ தெரிய மாட்டியாடா? இருவது நாளும் பாத்துட்டுத்தான இருந்திருக்குது? வேணும்னா அன்னிக்கு ஒரு ஒதறு ஒதற வெக்க அதுக்குத் தெரியாதா?" கௌசிகாவைக் கூப்பிட்டாள். "சோறு போடு கண்ணு. பசிக்குது."

இரண்டு தட்டு சாப்பிட்டாள். அந்த ரசத்தின் வாசனைக்கு நிகராக உலகில் ஒன்றும் இல்லை. இதில் மிகை கிடையாது.

கை கழுவிவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். "ஆனா சாமியை வெறுங்கையா அனுப்ப முடியாது. கிடாய்க்குப் பதிலா உன்ர முடியைக் குடு. தலை. அதோட மீசை."

"அக்கா, மீசை —"

"மீசை."

மார்ச் 16, ஞாயிறு

முனியப்பன் முன்னால் உட்காரவைத்தார்கள். விடிந்தும் விடியாத நேரம், மலைக் கணவாய்க் காற்று வேறு. நாவிதர் நல்லதம்பி ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரை உச்சந்தலையில் கவிழ்த்தார். நான் வேண்டுமென்று செய்யவில்லை. உடம்பு தானாகச் சிலிர்த்தது. தலையை ஓர் உதறு உதறிவிட்டேன்.

முதலில் மச்சான்தான் கத்தினார். "துலுக்கீட்டான்! துலுக்கீட்டான்!"

ஊரே சேர்ந்துகொண்டது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உத்தரவு வந்துருச்சுங்க நல்லதம்பி. வெய்யுங்க கத்தியை."

எனக்குப் போட்ட மாலையைப் பின்னாலிருந்து யாரோ தின்றுகொண்டிருந்தார்கள். யாரென்று எழுதத் தேவையில்லை.

மார்ச் 17

பட்டியைத் திறந்ததும் திவான் ஆள் தெரியாமல் முட்டினான். பிறகு மோந்து பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்தான்.

நிறுத்தத்தில் நின்று கை காட்டினேன். பேருந்து நிற்கவில்லை. வரப்பு வழியாக நடந்தே போனோம்.